தூண்டில் யார் கையில்? – மட்டக்களப்பு வாவியும் மீன்பிடிச் சுற்றுலாவும்

மட்டக்களப்பு வாவியைப் பற்றி எழுதப் புகும் எவரும் பாடும் மீன்களிலிருந்து தொடங்குவதே வழக்கம். நானும் அங்கிருந்தே தொடங்குகிறேன். ஆனால் காரணம் வேறு.

1848ஆம் ஆண்டு, இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் மட்டக்களப்புக்கு வந்தார். வாவியின் அடியிலிருந்து இசை எழுகிறது என்று கேள்விப்பட்டு, நிலவு எழுந்த பின் மீனவர்களுடன் படகேறி, கோட்டைத் துறைக்கு அப்பால் சென்று, அந்த ஒலியைத் தம் காதாலேயே கேட்டார். 1859இல் வெளிவந்த தமது இலங்கை நூலில் அதனை விரிவாக எழுதினார். ஒலி எந்த இடத்தில் எழும், எந்த நேரத்தில் கேட்கும், அதனை எழுப்புவது ஊரி என்றெல்லாம் அவருக்குச் சொன்னவர்கள் நமது மீனவர்கள். டெனன்டின் பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது. அவரை அழைத்துச் சென்றவர்களின் பெயரை எவரும் அறியார்.

நூற்று எழுபது ஆண்டுகளுக்கு மேல் கடந்துவிட்டன. வாவியைப் பார்க்க வருபவர்கள் இன்றும் மீனவரின் தோணியிலேயே ஏறுகிறார்கள். அண்மைக் காலத்தில், பார்ப்பது மட்டும் போதாது, தூண்டில் போட்டு மீனும் பிடிக்க வேண்டும் என்று கேட்பவர்கள் பெருகியுள்ளனர். ஒரு முழுநாள், ஒரு தோணி, ஒரு வழிகாட்டி, மதிய உணவு என்று கட்டணம் பேசப்படுகிறது. இது நல்லதா, கெட்டதா என்று நண்பர்கள் என்னிடம் கேட்கிறார்கள். நல்லது என்பதே என் கருத்து. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. தோணியும் கட்டணமும் விதிகளும் வாவியை நம்பி வாழும் மீனவர் கையில் இருக்க வேண்டும். அந்த நிபந்தனை தவறினால், நாம் இன்னொரு முறை நமது நீர்நிலையை நமது கையாலேயே எழுதிக் கொடுத்தவர்களாவோம்.

காற்று இழுத்துச் செல்லும் தொழில்

கனடாவிலிருந்து வந்திருந்த என் மருமகனுடன், ஆனி மாதத்தில் ஒருநாள் அவ்வாறு ஒரு பயணம் சென்றேன். பத்திரிகையாளனாக வாவியைப் பற்றி எத்தனையோ முறை எழுதியவன் நான். ஆயினும் விடியலிலிருந்து மாலை வரை ஒரே தோணியில் இருந்து அதனைப் பார்த்தது இதுவே முதல் முறை.

எங்கள் வழிகாட்டி அறுபதைத் தாண்டியவர். கல்லடிக்குத் தெற்கே, எழுவான்கரைக் கிராமம் ஒன்றைச் சேர்ந்தவர். இயந்திரம் பொருத்தாத தோணி. இருள் பிரியும் முன்பே, காற்று எழாத நேரம் பார்த்து, எங்களை மேற்குப் புறமாகத் துடுப்புப் போட்டு அழைத்துச் சென்றார். படுவான்கரையின் கண்டல் மரங்கள் தெளிவாகத் தெரியும் தூரத்துக்கு வந்ததும் துடுப்பைத் தோணிக்குள் இழுத்து வைத்துவிட்டார். ‘இனி நமக்கு வேலை இல்லை’ என்றார்.

அதன் பொருள் அரை மணி நேரத்தில் விளங்கியது. ஆனி, ஆடி மாதங்களில் எங்கள் பகுதியில் கச்சான் காற்று வீசும். மேற்கிலிருந்து, உலர்ந்த வெப்பத்துடன் வருவது. பகல் ஏற ஏற அது தோணியைப் படுவான்கரையிலிருந்து எழுவான்கரைப் பக்கமாக மெல்லத் தள்ளிக் கொண்டுவந்தது. தூண்டில்கள் நீருக்குள் கிடக்க, தோணி தானே நகர, இரை இயல்பாக மிதந்து செல்வதுபோல் மீனுக்குத் தோன்றும். நங்கூரம் இல்லை, எண்ணெய் வாடை இல்லை, இயந்திர இரைச்சல் இல்லை. ஆழம் குறைந்த நீரில் சத்தம்தான் மீனுக்கு முதல் எச்சரிக்கை. பிற்பகலில் கச்சான் ஓய்ந்து கடற்காற்று கிழக்கிலிருந்து எழுந்தது. அது எங்களை வந்த வழியே மறுபடியும் மேற்கே இழுத்துச் சென்றது. இரண்டு காற்றுகள், ஒரு தோணி, ஒரு முழுநாள் தொழில். ‘காத்து சொல்லும் மனே, நாம கேட்டாப் போதும்’ என்று மருமகனிடம் சொன்னார் அவர்.

மேலை நாடுகளில் இவ்வாறு நீரின் போக்கிலும் காற்றின் போக்கிலும் படகை விட்டு மீன் பிடிப்பது ஒரு தனிக்கலையாக வளர்ந்திருக்கிறது. அதற்கெனப் படகுகளும் கருவிகளும் நூல்களும் உண்டு. எங்கள் வழிகாட்டியிடம் இருந்தவை தங்கூசியும் ஈயக்குண்டும் உயிர் இறால் நிரம்பிய ஒரு வாளியும்தான். ஆனால் எந்த இடத்தில் பழைய ஆற்று வாய்க்கால் வாவிக்குள் ஆழமாக ஓடுகிறது, எங்கே சேறு, எங்கே மணல், எங்கே யாரோ புதைத்துவிட்ட பழைய கட்டைகள் கிடக்கின்றன என்பதையெல்லாம் அவர் கரையில் தெரியும் மரங்களையும் கோயில் கோபுரத்தையும் பள்ளிவாசல் மினாராவையும் நேர்கோட்டில் வைத்துச் சொன்னார். எந்த வரைபடத்திலும் இல்லாத வரைபடம் அது.

இந்த அறிவுக்குத்தான் விலை என்ன என்று கேட்கிறேன். நாங்கள் அப்பயணத்தை ஒரு தங்குமிடம் வழியாக ஏற்பாடு செய்திருந்தோம். நாங்கள் செலுத்திய தொகையில் மூன்றிலொரு பங்குகூட அவர் கைக்குச் செல்லவில்லை என்பது பேச்சுவாக்கில் தெரியவந்தது. தோணி அவருடையது. உழைப்பு அவருடையது. நீந்தத் தெரியாத என்னைப் பாதுகாக்கும் பொறுப்பும் அவருடையதே. தங்குமிடம் செய்தது ஒரு தொலைபேசி அழைப்பு. அதற்கும் ஒரு தரகு உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. தரகு கூலியைவிடப் பெரிதாக இருக்கலாமா என்பதே கேள்வி.

விட்ட மீனும் விடாத மீனும்

முற்பகல் முழுவதும் கிடைத்தவை மூன்று கெளிறும், கையளவு கொடுவா இரண்டும். சிறிய கொடுவாக்களை அவரே கழற்றி நீரில் விட்டார். இடையில் தங்கூசியோடு சிக்கி வந்த நண்டு ஒன்றின் அடிவயிற்றைத் திருப்பிப் பார்த்து, முட்டை இருப்பதைக் கண்டதும் அதனையும் விட்டார். சட்டம் எதையும் அவர் மேற்கோள் காட்டவில்லை. அது அவருடைய தந்தை வழக்கம்.

பிற்பகலில்தான் உண்மையான மீன் வந்தது. இரண்டு முழ நீளத்துக்குக் குறையாத கொடுவா. மருமகன் கைகள் நடுங்க இழுத்தான். தோணிக்குள் வந்ததும் அவன் செய்தது, கைத்தொலைபேசியை என்னிடம் நீட்டியது. படம் எடுத்த பின் மீனை நீரில் விட்டுவிட வேண்டும் என்றான். கனடாவில் அவன் அவ்வாறுதான் பழகியவன்.

பெரியவர் திகைத்துப் போனார். ‘இதுக்கு இண்டைக்குச் சந்தையில என்ன விலை தெரியுமா மனே?’ என்றார். கோபத்தில் கேட்ட கேள்வியன்று. ஒரு வாரச் செலவை ஒருவர் நீருக்குள் எறியக் கண்டால் எழும் கேள்வி.

இந்த இடத்தில் இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. அதைப் பிரித்துப் பார்க்காமல் மீன்பிடிச் சுற்றுலாவைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை.

முதலில் மீனின் பக்கம். கொடுவாவின் வாழ்க்கை விசித்திரமானது. பெரும்பாலான கொடுவாக்கள் முதலில் ஆணாக முதிர்ச்சியடைந்து, சில ஆண்டுகளின் பின் பெரிதாக வளர்ந்ததும் பெண்ணாக மாறுகின்றன. குஞ்சுகள் கண்டல் வேர்களுக்கிடையிலும் நன்னீர்ப் பகுதிகளிலும் வளரும். முட்டையிடுவதற்கு முகத்துவாரத்தை ஒட்டிய உவர்நீரை நாடும். ஆகவே நமக்குக் கிடைக்கும் மிகப் பெரிய கொடுவா அநேகமாக ஒரு தாய். இலட்சக் கணக்கில் முட்டையிடக் கூடிய தாய். சிறிய மீனை விட்டுவிட்டுப் பெரியதைப் பிடிப்பதே அறம் என்று நாம் நினைக்கிறோம். கொடுவாவைப் பொறுத்தவரை அது பாதி அறம் மட்டுமே.

அவுஸ்திரேலியாவில் வாழும் தமிழர்கள் உணவகங்களில் ‘பராமுண்டி’ என்ற பெயரில் உண்பது இதே கொடுவாவைத்தான். அந்நாட்டின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் 58 சென்ரிமீற்றருக்குக் குறைந்த கொடுவாவையும் வைத்துக்கொள்ளக் கூடாது, 120 சென்ரிமீற்றரைத் தாண்டியதையும் வைத்துக்கொள்ளக் கூடாது என்று விதித்திருக்கிறார்கள். இளையதும் பிழைக்க வேண்டும், தாயும் பிழைக்க வேண்டும் என்பதே அதன் உட்பொருள். பெண் சேற்று நண்டுகளைப் பிடித்து வைத்துக்கொள்ளவும் அங்கு அனுமதியில்லை. எங்கள் பெரியவர் முட்டை நண்டை விட்டதும் அவர்களுடைய விதியும் ஒரே அறிவின் இரு வடிவங்கள். ஒன்று எழுதப்பட்டது, மற்றது எழுதப்படாதது.

இனி மனிதர் பக்கம். பிடித்த மீனை விடு என்று சொல்வது வயிறு நிறைந்தவனுக்கு எளிது. மருமகனுக்கு அந்த மீன் ஒரு படம். பெரியவருக்கு அது அரிசி, பேரப்பிள்ளையின் கொப்பி, மருந்துச் செலவு. விருந்தினனின் மகிழ்ச்சிக்காக மீனவன் தன் வருமானத்தை விட்டுக்கொடுக்க வேண்டும் என்றால், அது பாதுகாப்பு என்ற பெயரில் நடக்கும் சுரண்டலே.

நாங்கள் கண்ட தீர்வு எளியது. மருமகன் அந்த மீனின் சந்தை விலையைப் பெரியவரிடம் கொடுத்தான். மீன் நீருக்குச் சென்றது. பெரியவர் பணத்தை வாங்கிக்கொண்டு, ‘மீனை வித்திட்டன், ஆனா மீன் தண்ணிக்குள்ள கிடக்கு’ என்று சொல்லிச் சிரித்தார். அச்சிரிப்பிலிருந்து ஒரு விதியை உருவாக்கலாம் என்பது என் எண்ணம். விடும் பெரிய மீனுக்கு விருந்தினர் விலை கொடுக்க வேண்டும். அத்தொகை கட்டணத்தோடு முன்கூட்டியே பேசப்பட வேண்டும். சமைத்து உண்ண விரும்புவோர் நடுத்தர அளவு மீன் ஒன்றிரண்டை எடுத்துக்கொள்ளட்டும். தாய் மீன் மட்டும் நீருக்குத் திரும்பட்டும்.

உயிருள்ள மீன் செத்த மீனைவிட அதிகம் சம்பாதித்துத் தரும் என்பது வெறும் ஆசையன்று. மத்திய அமெரிக்காவின் பெலீஸ் என்னும் சிறிய நாடு, தூண்டில் பயணிகள் பெரிதும் நாடும் மூன்று வகை மீன்களைப் பிடித்தால் விட்டுவிட வேண்டும் என்று 2009இல் சட்டம் இயற்றியது. அங்கு வழிகாட்டிகளாக உள்ளவர்களில் பலர் முன்பு வலைபோட்டு வாழ்ந்தவர்கள். ஒரு மீனை ஒருமுறைதான் விற்கலாம், ஆனால் பலமுறை காட்டலாம் என்ற கணக்கை அவர்கள் கற்றுக்கொண்டார்கள்.

பாசிக்குடா தரும் பாடம்

சுற்றுலா வந்தால் மீனவர் வாழ்வு தானாக உயரும் என்று நம்புபவர்களுக்கு நான் நமது மாவட்டத்தையே காட்டுவேன். போர் 2009இல் முடிந்த பின், பாசிக்குடாவில் வரிசையாகப் பெரிய விடுதிகள் எழுந்தன. அழகிய குடா, ஆழமற்ற நீர், வெளிநாட்டுப் பணம் எல்லாம் உண்மை. ஆனால் தலைமுறை தலைமுறையாகப் படகு இழுத்த கரையில் தங்களுக்கான இடம் சுருங்கிவிட்டது என்ற முறைப்பாடும் அதே காலத்தில் எழுந்தது. விடுதிக்கு முன்னால் வலை காயப்போட்டால் காட்சி கெடும் என்று எண்ணும் சுற்றுலா, மீனவரை வாழவைக்கும் சுற்றுலாவாகாது.

தெற்கே மிரிஸ்ஸ இன்னொரு பாடம். திமிங்கிலம் பார்க்கும் பயணங்கள் அங்கு சில ஆண்டுகளுக்குள் பெருவணிகமாயின. ஒரே திமிங்கிலத்தைப் பல படகுகள் சூழ்ந்து விரட்டும் நிலை ஏற்பட்டது. கடல் பாலூட்டிகளைப் பார்ப்பதற்கான ஒழுங்குவிதிகள் 2012இல்தான் வந்தன. தொழில் முதலில், விதி பிறகு. வாவியின் கணக்கு இதைவிடக் கடுமையானது. கடல் பெரியது, பிழைகளை ஓரளவு தாங்கும். எங்கள் வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமானாலும் ஆழமற்றது, குறுகியது. கடலோடு பேசுவதற்குப் பாலமீன்மடுவுக்கு அருகிலும் கல்லாற்றுப் பக்கத்திலும் உள்ள வாய்கள்தான் அதற்குண்டு. மணல் மூடினால் அவையும் இல்லை.

இந்த முகத்துவாரம் ஒன்றே போதும், வாவி எத்தனை பேருடைய பொதுச்சொத்து என்பதைக் காட்ட. மாரியில் வெள்ளம் பெருகினால் படுவான்கரை வயல்கள் மூழ்கும். விவசாயி வாயை வெட்டச் சொல்வான். வெட்டினால் நீர் வேகமாக வடியும், உவர்ப்பு மாறும், மீன் கடலோடு போகும் என்று மீனவன் அஞ்சுவான். அதே வாய் வழியாகத்தான் இறால் குஞ்சுகளும் உள்ளே வருகின்றன. எப்போது வெட்டுவது, எங்கே வெட்டுவது என்பதில் ஒவ்வோர் ஆண்டும் பேச்சுவார்த்தை உண்டு. இந்தப் பேச்சுவார்த்தையில் நாளை விடுதி உரிமையாளரும் வந்து அமர்வார். விருந்தினர் வரும் பருவத்தில் நீர் தெளிவாக இருக்க வேண்டும் என்பார். அப்போது மீனவரின் குரல் சங்கமாக ஒலிக்கவில்லை என்றால் அது கேட்கவே கேட்காது.

இதே வாவியில் இடுப்பளவு நீரில் நின்று இறால் பிடிக்கும் பெண்களையும் அன்று பார்த்தோம். அவர்களுக்குத் தோணியும் இல்லை, விளம்பரமும் இல்லை. இயந்திரப் படகுகள் வேகமாக ஓடத் தொடங்கினால் முதலில் இடம் இழப்பவர்கள் அவர்கள்தாம். காற்றோடு நகரும் தோணி அவர்களைக் கடந்து செல்லும்போது ஒரு வணக்கம் சொல்லிச் செல்லும். வேகப்படகு அலையைத்தான் அனுப்பும்.

கேட்கப்படும் மறுப்புகள்

மீன்பிடிப்பு விளையாட்டல்ல, அது பிழைப்பு. அதனைப் பொழுதுபோக்காக்குவது தொழிலை அவமதிப்பது என்று ஒரு நண்பர் வாதிட்டார். இந்த வாதத்தை நான் மதிக்கிறேன். ஆனால் விவசாயி தன் வயலைப் பார்க்க வருபவரை அழைத்துச் சென்று காட்டினால் அது அவமதிப்பாகாது. அவமதிப்பு எங்கே தொடங்குகிறது என்றால், காட்டுபவனைக் காட்சிப்பொருளாக்கும்போது. வழிகாட்டி ஆசானாக இருக்கும் தோணியில் அவமதிப்புக்கு இடமில்லை. அன்று முழுவதும் மருமகனுக்குத் தூண்டில் முடிச்சு கற்றுக்கொடுத்தவர் பெரியவர்தான். அவன் அவரை ‘தாத்தா’ என்று அழைத்ததும் அதனால்தான்.

மீனவர்கள் தொழிலை விட்டுவிட்டு வேலைக்காரர்களாகிவிடுவார்கள் என்பது இரண்டாவது மறுப்பு. இத்தாலி இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறது. மீனவர் தம் தொழிற்படகில் விருந்தினரை ஏற்றிச் சென்று, மீன்பிடியைக் காட்டிப் பணம் பெறுவதைத் தனித் தொழிலாக அன்றி, மீன்பிடித் தொழிலின் ஒரு கிளையாகவே அந்நாட்டுச் சட்டம் கருதுகிறது. 1982ஆம் ஆண்டுச் சட்டத்தில் தொடங்கி 1999ஆம் ஆண்டு அமைச்சு ஆணையில் அதற்கான விதிகள் வகுக்கப்பட்டன. பெயரும் அதற்கேற்ப ‘பெஸ்காதூரிஸ்மோ’, அதாவது மீன்பிடிச் சுற்றுலா. மீனவராக இருந்தால்தான் அதனைச் செய்ய முடியும். இந்த ஒரு வரியே நமக்குத் தேவை. மீனவராகப் பதிவு செய்தவர் மட்டுமே வாவியில் மீன்பிடி வழிகாட்டியாகலாம் என்று ஒரு வரி.

மூன்றாவது மறுப்பு, இதனால் வரும் வருமானம் சிறியது, வாவியை நம்பிய குடும்பங்களோ பல என்பது. உண்மை. எல்லோரும் வழிகாட்டியாக முடியாது. ஆகக் கூடாது. ஆனால் கடந்த கால அனுபவத்தை எண்ணிப் பாருங்கள். போர்க்காலத்தில் இரவுத் தொழிலுக்குத் தடை. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை நாவலடியையும் கல்லடியையும் துடைத்துச் சென்றது. 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளில் எங்கள் நகரின் சீயோன் தேவாலயமும் குருதியில் நனைந்தது. வெளிநாட்டவர் வருகை நின்றது. அடுத்த ஆண்டு கொரோனா. 2022இல் எரிபொருளின்றி இயந்திரப் படகுகள் கரையில் கிடந்தன. ஒவ்வொரு முறையும் விழாமல் நின்றது, ஒரே வருமானத்தை நம்பாத வீடு. வலையே முதன்மைத் தொழிலாகவும் விருந்தினர் தோணி துணைத் தொழிலாகவும் இருக்கும் வீடு சுற்றுலா நின்றாலும் பட்டினி கிடக்காது. சுற்றுலாவை மட்டும் நம்பிய விடுதி ஊழியர் 2019இலும் 2020இலும் என்ன பாடுபட்டார் என்பதை நாம் கண்டோம்.

செய்ய வேண்டியவை

பெரிய திட்டங்களில் எனக்கு நம்பிக்கை குறைவு. நான்கு சிறிய காரியங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, மீனவர் கூட்டுறவுச் சங்கங்கள் தத்தம் துறைக்கு ஒரு முறைவரிசை வைத்துக்கொள்ள வேண்டும். இன்று இவர் தோணி, நாளை அவர் தோணி. கட்டணத்தைச் சங்கமே அறிவிக்கட்டும். தங்குமிடங்கள் ஆள் சேர்த்துத் தந்தால் அதற்குரிய தரகைச் சங்கம் கொடுக்கட்டும். தலைகீழாக இருக்கக் கூடாது.

இரண்டாவது, பாதுகாப்பு. 2021 நவம்பரில் கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியில் மிதவைப் படகு கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் உட்படப் பலர் மாண்டதை நாம் மறந்துவிடக் கூடாது. உயிர்காப்பு அங்கி இல்லாமல் ஒருவரும் ஏறக் கூடாது, தோணிக்கு இத்தனை பேர் என்ற எல்லை மீறக் கூடாது. எங்கள் வாவியில் முதலைகளும் உண்டு. எந்த இடத்தில் கைகாலை நீரில் விடக் கூடாது என்று வழிகாட்டி சொன்னால் அதனை விருந்தினர் கேட்டே ஆக வேண்டும்.

மூன்றாவது, விருந்தினர் பயணத்தில் தூண்டில் மட்டுமே, துடுப்புத் தோணி மட்டுமே. தங்கூசி வலை இந்நாட்டில் தடைசெய்யப்பட்டது. எனினும் அது நீருக்குள் கிடப்பதை அன்றும் கண்டோம். கைவிடப்பட்ட வலை யாருக்கும் பயனின்றி மீனையும் நண்டையும் கொன்றுகொண்டே இருக்கும். விருந்தினர் தோணியில் செல்பவர்கள் அத்தகைய வலையைக் கண்டால் எடுத்துக் கரை சேர்க்கட்டும். வாவியைக் காட்டிப் பணம் பெறுபவர் வாவிக்குச் செய்யும் கைம்மாறு அது.

நான்காவது, அறிவைப் பதிவு செய்தல். எங்கள் பெரியவர் கரையின் மரங்களைக் கொண்டு சொன்ன அந்த வரைபடம் அவரோடு மறைந்துவிடக் கூடாது. வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதன் மாணவர்கள் ஒவ்வொரு துறையிலும் மூத்த மீனவர் ஒருவரோடு ஒரு பருவம் தோணியில் சென்று, மீன்களின் பெயர், காற்றின் பெயர், நீரடி இடங்களின் பெயர் ஆகியவற்றைத் தொகுக்கலாம். சொன்னவர் பெயரோடு தொகுக்க வேண்டும். டெனன்ட் காலத்துத் தவறை மறுபடியும் செய்ய வேண்டியதில்லை.

புலம்பெயர்ந்து வாழும் நமது உறவுகளுக்கும் ஒரு சொல். விடுமுறைக்கு ஊர் வரும்போது பிள்ளைகளுக்கு எதைக் காட்டுவது என்று கேட்கிறீர்கள். கோயில் காட்டுகிறீர்கள், கடற்கரை காட்டுகிறீர்கள், கல்லடிப் பாலத்தில் நின்று படம் எடுக்கிறீர்கள். ஒருநாள் வாவிக்குள்ளும் செல்லுங்கள். ஆனால் செல்லும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். தோணி யாருடையது? நான் கொடுக்கும் பணத்தில் எவ்வளவு தோணிக்காரருக்குச் செல்கிறது? பெரிய மீன் அகப்பட்டால் என்ன செய்வோம்? இக்கேள்விகளுக்கு நேரான பதில் கிடைக்கும் இடத்தில் மட்டும் பணம் கொடுங்கள். பத்துப் பேர் கேட்டால் தரகர் முகம் சுளிப்பார். நூறு பேர் கேட்டால் வழக்கம் மாறும். விலை பேசும்போது மீன் சந்தையில் காட்டும் கண்டிப்பை, மீனவரின் கூலியைப் பேசும்போது மட்டும் தயவுசெய்து காட்டாதீர்கள்.

மாவட்ட நிர்வாகத்துக்கும் கடற்றொழில் நீரியல் வளத் திணைக்களத்துக்கும் என் வேண்டுகோள் ஒன்றே. பெருமுதலீட்டாளர் ஒருவர் வாவிக்கரையில் படகுத்துறை கேட்டு விண்ணப்பிக்கும் நாள் தொலைவில் இல்லை. அந்த விண்ணப்பம் மேசைக்கு வரும் முன்பே, விருந்தினரை வைத்து மீன் பிடிக்கும் உரிமை வாவி மீனவர்க்கே உரியது என்று எழுதி வைத்துவிடுங்கள். பிறகு எழுதினால் அது சலுகையாகிவிடும். இப்போது எழுதினால் அது உரிமை.